மறுபடி ரயில் ஓட்டப் போகிறீர்களா? காட்டோ, டோமிக்ஸ், பீக்கோ: தண்டவாள ஒப்பீடு

பள்ளிக்கூட நாளில் மாமாவோ சித்தப்பாவோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மாடல் ரயில் செட். அப்புறம் படிப்பு, வேலை, கல்யாணம், பரண். நாற்பது ஐம்பது வயதில் ஆசை திரும்ப வருகிறது. வந்ததும் எல்லோரும் தேடுவது இன்ஜினைத்தான். எந்த இன்ஜின், எத்தனை பெட்டி என்று மாதக்கணக்கில் யோசிக்கிறவர்கள்கூடத் தண்டவாளத்தை ‘கூடவே ஒரு செட் போட்டுவிடுங்கள்’ என்று வாங்கிவிடுகிறார்கள். இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் விற்றுவிட்டு வேறு வாங்கலாம். தண்டவாளம் பிடிக்கவில்லை என்றால் மொத்த லேஅவுட்டையும் பிரிக்க வேண்டும். அதனால் யோசனையை இங்கே செலவழிப்பதுதான் லாபம்.

இங்கே பேசப்போவது ‘என்’ ஸ்கேலைப் பற்றி: நிஜ ரயிலில் 160-இல் ஒரு பங்கு அளவு, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 9 மி.மீ. இடைவெளி. இதைவிடப் பெரிய எச்ஓ ஸ்கேலை ஒரு வரியில் ஒதுக்கிவிடுகிறேன்: அமெரிக்க செட்டுகளில் வழக்கமாக வரும் 457 மி.மீ. ஆர வளைவுக்கே ஒரு மீட்டர் அகல மேஜை வேண்டும், சென்னை ஃபிளாட்டில் அந்த இடத்தில் ஏற்கெனவே பீரோ நிற்கும்.

ஒரு விஷயத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். 9 மி.மீ.யை 160-ஆல் பெருக்கினால் 1,440 வரும். அதாவது 1,435 மி.மீ. ஸ்டாண்டர்ட் கேஜ். நம் சென்னையில் அந்த அளவு மெட்ரோவுக்குத்தான் பொருந்தும். பீச்சிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயில் ஓடும் அகலப்பாதை 1,676 மி.மீ.; அதற்கு 10.5 மி.மீ. வேண்டும், அப்படிக் கடையில் கிடைப்பதில்லை. ஜப்பான்காரர்களும் தங்கள் 1,067 மி.மீ. ரயில்களை 1:150 அளவில் செய்து இதே 9 மி.மீ. மேல்தான் ஓட்டுகிறார்கள். யாரும் குறை சொல்வதில்லை. ஆகவே எந்தக் கம்பெனி தண்டவாளம் ‘நம்மூர் மாதிரி’ இருக்கிறது என்ற கேள்வியை ரொம்ப இழுக்க வேண்டாம்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஓட்டி முடித்ததும் எடுத்து வைக்கப் போகிறீர்களா, அப்படியே விட்டுவைக்க வீட்டில் இடம் இருக்கிறதா? பாதி முடிவு இதிலேயே வந்துவிடும்.

எடுத்து வைப்பவர்களுக்கு

ஹாலில் தரையிலோ சாப்பாட்டு மேஜையிலோ போட்டு ஓட்டிவிட்டு ராத்திரி பெட்டியில் வைக்கிறவருக்கு காட்டோ யூனிட்ராக்தான். இதில் எனக்கு ரெண்டாவது அபிப்பிராயம் இல்லை. தண்டவாளம், ஸ்லீப்பர், ஜல்லிக்கரை எல்லாம் ஒரே பிளாஸ்டிக் துண்டில் வருகிறது. துண்டுகளைச் சேர்ப்பது யூனிஜாயினர் என்ற சின்ன உறுப்பு: பிளாஸ்டிக் கூட்டுக்குள் உலோகத் தகடு. கூடு பிடிமானத்தைப் பார்த்துக்கொள்கிறது, தகடு மின்சாரத்தைக் கடத்துகிறது. சாதாரணத் தண்டவாளத்தில் இந்த இரண்டு வேலையையும் ஒரே மெல்லிய தகடு செய்வதால்தான் நாலு தடவை பிரித்து மாட்டினால் தளர்ந்து போகிறது. யூனிஜாயினர் தளர்ந்தால் அதை மட்டும் கழற்றி வேறு போட்டுக்கொள்ளலாம், துண்டைத் தூக்கிப் போட வேண்டாம்.

நேர்த்துண்டின் அடிப்படை நீளம் 248 மி.மீ. வளைவுகள் 249, 282, 315, 348 என்று 33 மி.மீ. வித்தியாசத்தில் போகும், அதுவே இரட்டைப் பாதையின் இடைவெளியும். 348 ஆர வளைவில் முழு வட்டம் போட்டால் ஜல்லிக்கரையோடு சுமார் 72 செ.மீ.; இரண்டரை அடி அகல ஃப்ளஷ் கதவுப் பலகை ஒன்றில் அடங்கிவிடும். நம் விரைவு ரயில்களில் வரும் எல்.எச்.பி. பெட்டி ஒன்று 1:160-இல் 147 மி.மீ. வரும், அந்த நீளப் பெட்டிக்கு 249 ஆர வளைவு கண்ணுக்கு உறுத்தும். ஓடும், ஆனால் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கம் தள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கச் சகிக்காது. 315-க்குக் கீழே போகாதீர்கள்.

டோமிக்ஸ் ஃபைன் டிராக்கும் இதே வகைதான். அடிப்படை 140, 280 மி.மீ.; இணைப்பாதை இடைவெளி 37. பலகையில் கணக்குப் போட காட்டோவைவிட எளிது, ஏனென்றால் பாயின்ட் (பாதை இரண்டாகப் பிரியும் துண்டு) நீளமும் 140, அதன் இரட்டிப்பு 280, பாதி 70 என்று எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று போகும். காட்டோவில் நம்பர் 4 பாயின்ட் 126, நம்பர் 6 பாயின்ட் 186. இடைவெளியை நிரப்பக் குட்டித் துண்டுகள் தேடிக்கொண்டே இருப்பீர்கள். டிராம் பாதை, 103 மி.மீ. ஆரக் குட்டி வளைவு மாதிரி விசேஷங்களும் டோமிக்ஸில் உண்டு. ஆனாலும் தினமும் பிரித்து மாட்டுவதற்கு அதன் இணைப்பு காட்டோ அளவுக்குத் தாங்காது என்பது என் கருத்து. ஒருமுறை போட்டு மாசக்கணக்கில் வைத்திருப்பவருக்கு டோமிக்ஸ் சரி. இரண்டையும் கலக்கலாமா என்று கேட்பார்கள். 33-ம் 37-ம் எங்கே சேரும்? ஒன்றைப் பிடித்தால் அதிலேயே நில்லுங்கள்.

விட்டுவைப்பவர்களுக்கு

தனி அறையோ, மொட்டைமாடி ரூமோ, சுவரோரம் நிரந்தரப் பலகையோ இருந்தால் பீக்கோ ஃபிளெக்ஸ். 914 மி.மீ. நீளம், வேண்டிய மாதிரி வளைத்து, வெட்டி, ஒட்டிக்கொள்ளலாம். வளைவு எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல மெல்ல இறுகிக்கொண்டு போகும் பாதை இதில்தான் வரும். துண்டுத் தண்டவாளத்தில் வரவே வராது. மாம்பலம் மேம்பாலத்தில் நின்று கீழே பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்த வித்தியாசம் பெரிது.

இதில் கோட் 80, கோட் 55 என்று இரண்டு. எண் என்பது தண்டவாளத்தின் உயரம், ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலக் கணக்கில். கோட் 80 என்றால் 2.03 மி.மீ.; 160-ஆல் பெருக்கினால் நிஜத்தில் 32 செ.மீ. உயரத் தண்டவாளம்! நம் ரயில்வேயின் 60 கிலோ தண்டவாளமே 17.2 செ.மீ.தான். கோட் 55 சுமார் 22 செ.மீ., எவ்வளவோ தேவலை. காட்டோவும் டோமிக்ஸும் கோட் 80 என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பரணில் பழைய பெட்டிகள் வைத்திருப்பவருக்கு பீக்கோவின் கோட் 55-இல் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது உண்மையில் உயரமான தண்டவாளம்தான். கீழ்ப்பகுதி ஸ்லீப்பருக்குள் புதைந்து, மேலே 55 மட்டும் தெரிகிறது. அதனால் உறுதி குறைவதில்லை, ஆழமான விளிம்பு வைத்த பழைய சக்கரங்களும் தடையில்லாமல் ஓடும். அட்லஸ் கம்பெனியின் கோட் 55 பார்க்க இதைவிட அழகு, ஆனால் பழைய சக்கரம் அதில் ஆணித்தலைகளைத் தட்டிக்கொண்டே போகும். சக்கரம் மாற்றத் தயாரானவர்கள் மட்டும் அந்தப் பக்கம் போகலாம். கான்கிரீட் ஸ்லீப்பர் வைத்த ஃபிளெக்ஸும் பீக்கோவில் கிடைக்கிறது, இன்றைய நம் மெயின் லைனுக்கு அதுதான் பொருத்தம்.

விலை பேச ஆரம்பித்தால் மனசு கெடும். விளையாட்டுப் பொருள்களுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70. அதனால் நம் ஊரில் பாதிப் பேருடைய லேஅவுட் சிங்கப்பூர் மச்சான், டோக்கியோ கொழுந்தனார் சூட்கேஸில்தான் வருகிறது. அங்கேயும் தண்டவாளத்துக்குத் தண்டவாளம் வித்தியாசம் உண்டு: 248 மி.மீ. காட்டோ கைப்பையில் அடங்கும், 914 மி.மீ. ஃபிளெக்ஸ் பெரிய சூட்கேஸில் மூலைவிட்டமாகப் படுக்க வைத்தாலும் அடங்காது. வெட்டிக் கொண்டுவரச் சொன்னால் ஃபிளெக்ஸ் வாங்கியதற்கே அர்த்தமில்லை.

பாயின்ட்தான் எல்லாம்

நேர்ப்பாதையில் எந்தத் தண்டவாளமும் நன்றாகவே ஓடும். சண்டை வருவது பாயின்ட்டில். ஆகவே படம் போட்டதும் முதலில் பாயின்ட்டுகளை எண்ணுங்கள், பிறகு கம்பெனியை முடிவு செய்யுங்கள்.

காட்டோவில் மோட்டார் ஜல்லிக்கரைக்குள்ளேயே மறைந்திருக்கிறது. இரண்டு ஒயர், ஒரு சுவிட்ச், முடிந்தது. பலகையில் ஓட்டை போட வேண்டியதில்லை. ஆனால் அது ஒரு காயில். கண நேர மின்சாரம்தான் தாங்கும். அவர்களுடைய சுவிட்ச் அந்தக் கண நேரத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். சாதாரண சுவிட்சைப் போட்டு ஆன் நிலையிலேயே விட்டால் காயில் கருகும். இரண்டு பாயின்ட்டில் நம்பர் 6-ஐ நம்பலாம்: 718 ஆரம், எந்தப் பெட்டியும் அலுங்காமல் போகும். நம்பர் 4-இன் ஆரம் 481. அதன் நாக்கு, அதாவது பாதையை மாற்ற அசையும் தண்டவாளம், அதன் நுனி சில சமயம் சரியாக ஒட்டாமல் சக்கரம் ஏறிவிடுகிறது, நுனியை லேசாக அரம் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். இடம் இருந்தால் நம்பர் 6 மட்டுமே போடுங்கள்.

பீக்கோ பாயின்ட்டில் உள்ளேயே ஒரு ஸ்பிரிங் உண்டு. விரலால் தள்ளினால் போதும், நாக்கு ‘டக்’ என்று போய் ஒட்டிக்கொள்ளும். முதல் வருஷம் மோட்டாரே வேண்டாம். இந்த ஒரு காரணத்துக்காகவே நாலைந்து பாயின்ட்டுக்கு மேல் யார்டு போடுகிறவருக்கு பீக்கோ மலிவாக முடியும். பின்னால் மோட்டார் வேண்டுமென்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் எஸ்.ஜி.90 செர்வோ சல்லிசாகக் கிடைக்கிறது. அதைப் பொருத்தும்போது ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் செர்வோ அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் ஃப்ராக், அதாவது இரண்டு தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் மூக்கு. இன்சுல்ஃப்ராக்கில் அந்த இடம் பிளாஸ்டிக், மின்சாரம் கிடையாது. ஒயரிங் சுலபம், ஆனால் சக்கரத் தளம் குட்டையான சின்ன இன்ஜின் மெதுவாக வந்தால் அங்கேயே நின்றுவிடும். எலெக்ட்ரோஃப்ராக்கில் மூக்கும் உலோகம். ஊர்ந்து போகலாம், ஆனால் அதைத் தாண்டி இன்சுலேட்டட் ஜாயினர் போட்டுப் பிரிக்கத் தெரிய வேண்டும். புதிதாக வரும் யூனிஃப்ராக் நடுவழி. ஷண்டிங் பிடித்தவர் அதையே கேட்டு வாங்கலாம்.

நம் ஊர்க் காற்று

வெளிநாட்டுக் குறிப்புகளில் இது இருக்காது. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் ஜன்னல் கம்பிக்கு என்ன ஆகிறது என்று பார்த்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரும்புத் தண்டவாளம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பித்தளை கறுக்கும், அந்தக் கறுப்பு மின்சாரத்தைக் கடத்தாது. நிக்கல் சில்வர் மட்டுமே வாங்குங்கள். பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது தாமிரம், துத்தநாகம், நிக்கல்.

தண்டவாளம் நன்றாக இருந்தாலும் ஜாயினர் இடுக்கில் உப்புக்காற்று வேலை செய்யும். பீக்கோ போடுகிறவர் ஜாயினரை நம்பாமல் ஒவ்வொரு நீளத்துக்கும் மின்சாரம் கொடுக்கும் தனி ஃபீடர் ஒயர் சால்டர் செய்து, பலகைக்கு அடியில் 1 சதுர மி.மீ. வீட்டு ஒயரோடு சேர்த்துவிட வேண்டும். ரோசின் ஃப்ளக்ஸ் மட்டும், அமில ஃப்ளக்ஸ் கூடாது. இது ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாகத் தின்னும் வேலை, அதையும் பீக்கோவின் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். காட்டோவில் ஒன்றரை இரண்டு மீட்டருக்கு ஒரு ஃபீடர் துண்டு செருகினால் போதும்.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு மீட்டர் நிக்கல் சில்வர், 15 டிகிரி சூடு ஏறினால் கிட்டத்தட்ட கால் மி.மீ. நீளும். ஐந்து மீட்டர் ஓவலில் ஒரு மி.மீ.க்கு மேல், இடம் இல்லாமல் இறுக்கிப் போட்டிருந்தால் பாதை பக்கவாட்டில் நெளிந்துவிடும். கத்திரி வெயிலில் மொட்டைமாடி ரூமில் ஃபிளெக்ஸ் போடுகிறவர் இறுக்கமாகவே போடலாம், இனிமேல் சுருங்கத்தான் போகிறது. மார்கழியில் போடுகிறவர் மூட்டுக்கு மூட்டு மெல்லிய இடைவெளி விட வேண்டும். பலகை ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளையாக இருக்கட்டும், ஐப்பசி ஈரத்தில் சாதாரணப் பலகை உப்பிவிடும்.

ஜல்லி பீக்கோவுக்கு நாமே போட வேண்டும். எம்-சாண்டை டீ வடிகட்டியில் சலித்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டு ஊற்றினால் அருமையாக நிற்கும். சலித்ததன் மேல் காந்தத்தை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். இரும்புத் துகள் இருந்தால் இன்ஜின் மோட்டார் இழுத்துக்கொள்ளும். கடற்கரை மணலை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள், உப்பும் கருமணலும் கூடவே வரும். துடைக்க, மொபைல் சர்வீஸ்காரர்கள் வாங்கும் ஐ.பி.ஏ. (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) திரவமும் பழைய பனியனும் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், கீறலில் அழுக்கு தங்கும்.

என்னிடம் கேட்டால், ஆசை எத்தனை நாள் நிற்கும் என்று தெரியாதவர் காட்டோவில் ஒரு ஓவல், 315 ஆரம், இரண்டு நம்பர் 6 பாயின்ட் என்று தொடங்கட்டும். பிடித்துப்போய்ப் பலகை நிரந்தரமானால் ஸ்டேஷன் பகுதியை மட்டும் பீக்கோ கோட் 55-இல் போட்டு, பின்னால் மறைந்து போகும் பாதைக்கு அதே காட்டோவைப் பயன்படுத்தலாம். உயரம் மட்டும் கவனம்: காட்டோவுக்கு ஜல்லிக்கரை கூடவே வருகிறது, பீக்கோவுக்கு அடியில் கார்க் ஷீட் வைத்துச் சமன் செய்ய வேண்டும். பரணில் கிடக்கும் பித்தளைத் தண்டவாளத்தைத் தூக்கிப் போட மனசு வரவில்லை என்றால் யார்டின் கடைசி லைனில் பழைய பெட்டிகளை நிறுத்தி வைக்கப் போடுங்கள், அதற்கு ஒயர் கொடுக்க வேண்டாம்.