வீட்டை ஆய்வு செய்பவரைத் தரகர் கைகாட்ட விடாதீர்கள்

வீடு வாங்கும் முன் ஆய்வாளர் ஒருவரை வைத்து அதைப் பார்த்த பிறகும் ஏமாந்தவன் நான். வீடு தேடிக்கொண்டிருக்கும் வேறு எவருக்கும் இது நேரக்கூடாது என்பதற்காகவே நடந்ததை எழுதுகிறேன்.

ஆய்வாளரை எனக்கு அறிமுகம் செய்தவர் வீட்டுத் தரகர். விற்பனை முடிந்தால்தான் தரகருக்குத் தரகுப் பணம்; தரகர் அனுப்பினால்தான் ஆய்வாளருக்கு அடுத்த வேலை. இவ்விரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. ஆய்வு நாளில் நேரில் வரத் தேவையில்லை, அறிக்கை வந்துவிடும் என்றார்கள், அதற்கும் சம்மதித்தேன்.

படங்களுடன் 30 பக்க அறிக்கை வந்தது. சொட்டும் குழாய், கீறல் விழுந்த சன்னல் கண்ணாடி, தளர்ந்த கீல் எனச் சில்லறைக் குறைகள் வரிசையாக இருந்ததால், எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார் என்றே எண்ணினேன். படுக்கையறைப் பின்சுவரை அலமாரி மறைத்திருந்ததாலும், மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்ததாலும் அவை பார்க்கப்படவில்லை என்ற குறிப்பு, கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. அதைப் படித்தும் பொருட்படுத்தாமல் விட்டேன்.

குடியேறிய பின் வந்த முதல் மழைக்காலத்தில், படுக்கையறைக் கூரையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பழுப்புக் கறை தோன்றியது. அலமாரியை நகர்த்திப் பார்த்தால், சுவரெங்கும் ஓதமேறி உப்புப் பூத்திருந்தது. விரல் பட்டதும் பூச்சு மாவாக உதிர்ந்தது. சில வாரங்களில் கூரைக் காரை தட்டளவுக்குப் பெயர்ந்து கட்டிலின் மேல் விழுந்தது. அப்போது அதில் யாரும் படுத்திருக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. உள்ளே இருந்த கம்பி செதில் செதிலாகத் துருவேறியிருந்தது. பிறகு நானே தேடி அழைத்து வந்த கட்டுமானப் பொறியாளர், துரு தான் அரித்த இரும்பைப்போல் 2 முதல் 6 மடங்கு இடத்தை அடைக்கும் என்றும், அந்த நெருக்குதலே கான்கிரீட்டைப் பிளக்கிறது என்றும், மாடியில் பல ஆண்டுகள் தேங்கிய நீரன்றி ஒரு மழையால் இவ்வளவு ஆகாது என்றும் விளக்கினார். சிறு சுத்தியலால் அவர் கூரையைத் தட்டிக்கொண்டே போக, பாதி அறைவரை பொள்ளென்ற ஒலிதான் கேட்டது. அந்த ஒரு கூரைக்கு மட்டும் புதிதாக வண்ணம் பூசியிருந்ததை வீடு பார்க்கப் போனபோதே கண்டு, நல்ல பராமரிப்பு என்று மகிழ்ந்திருந்தேன்.

ஆய்வாளரிடம் முறையிட்டபோது ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார்: கண்ணுக்குத் தெரிவதற்கு மட்டுமே பொறுப்பு, அதுவும் தாம் வாங்கிய கட்டணத்துக்கு மேல் இல்லை. தரகர் தொலைபேசியை எடுப்பதே இல்லை. பூட்டியிருந்ததாக எழுதப்பட்ட கதவின் சாவியோ, எங்களிடம் ஒப்படைத்த சாவிக்கொத்திலேயே இருந்தது.

ஆய்வாளரை நீங்களே தேடுங்கள். முடிந்தால் மழை பெய்து ஓய்ந்த மறுநாள், அவருடன் நின்று ஒவ்வோர் அறையாகப் பாருங்கள். அறிக்கையில் முதலில் படிக்க வேண்டியது, பார்க்கப்படாத இடங்களின் பட்டியலைத்தான். அலமாரியை நகர்த்தவோ மாடிக் கதவைத் திறக்கவோ விற்பவர் தயங்கினால், அவை திறக்கப்படும் நாள்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.