டெபாசிட் போடப் போனவர் பாலிசியோடு வந்தார்

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் கோயில், கல்யாணம் எல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பெற்றோரின் பாஸ்புக்கையும் அதோடு இருக்கும் காகிதங்களையும் புரட்டிப் பாருங்கள். நவம்பரில் தென்காசிக்குப் போனபோது நான் செய்த உருப்படியான காரியம் அதுதான்.

அப்பாவுக்கு 74 வயது. முதிர்ந்த டெபாசிட்டைப் புதுப்பிக்க வங்கிக்குப் போயிருக்கிறார். "இதுல வட்டி கூட வரும் சார்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததோ ஆயுள் காப்பீட்டுப் பாலிசி. வருடாவருடம் பிரீமியம் கட்ட வேண்டியது. கேட்டால், "நல்ல பையன்டா, டீ எல்லாம் வாங்கிக் கொடுத்தான்" என்கிறார். விற்ற சாமர்த்தியம் முழுக்க அந்த டீயில்தான் இருந்திருக்கிறது.

நல்லவேளை, பாலிசி கைக்கு வந்து 30 நாள் ஆகவில்லை. ஃப்ரீ லுக் என்று ஒரு ஏற்பாடு உண்டு. முன்பு பெரும்பாலான பாலிசிகளுக்கு 15 நாளாக இருந்ததை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் 30 ஆக்கியது. அதற்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், அதுவரையிலான காப்புக்குரிய தொகை, முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை நடந்திருந்தால் அதன் செலவு ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். கிளையில் "ஒரு வருஷம் கட்டிட்டு அப்புறம் சரண்டர் பண்ணிக்கலாமே" என்று இழுத்தார்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பேச்சிலேயே நாள் ஓடிவிடும். நாங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்பி, கடிதமும் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டோம். பணம் கணக்குக்குத் திரும்பியது.

பெரியம்மாவின் அனுபவம் நேர்மாறு. ரயில்வே குடும்ப ஓய்வூதியத்துக்கான ஆயுள் சான்றை அஞ்சல்காரர் வீட்டுக்கே வந்து முடித்துக் கொடுத்தார். சிறு கட்டணம்தான். வங்கிகளும் 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017லேயே சொல்லிவிட்டது. ஆனால் கேட்டால்தான் வாயைத் திறக்கிறார்கள்.

30 நாள் கடந்துவிட்டாலும் வழி உண்டு. முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்தது சரியில்லாவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணமோ வக்கீலோ தேவையில்லை. 2019 நுகர்வோர் சட்டப்படி, சொந்த மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. காணொலியில் ஆஜராகவும் சட்டம் இடம் தருகிறது, நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. ஆரம்பத்தில் வழி கேட்க நுகர்வோர் உதவி எண் 1915, முதியோருக்கென்றே உள்ள உதவி எண் 14567.

வங்கி மேல் புகார் எழுதலாம் என்றேன். "அந்தப் பையனுக்கு வேலை போயிரும், விடுடா" என்கிறார் அப்பா. டார்கெட் கொடுத்தவர்களைத்தான் கேட்கப்போகிறோம் என்று ஒவ்வொரு போனிலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னும் சம்மதிக்கவில்லை.