தினசரி காலண்டர்: சனிக்கிழமைத் தாளை வைத்து ஒரு மதிப்பீடு

தினசரி காலண்டர் வாங்கும்போது அட்டையிலுள்ள சாமி படத்தைப் பார்த்தே பலரும் முடிவு செய்துவிடுகிறார்கள். ஏதாவது ஒரு சனிக்கிழமைத் தாளைப் புரட்டிப் பாருங்கள், அச்சிட்டவர் எவ்வளவு கவனமானவர் என்பது தெரிந்துவிடும்.

முதலில் குளிகை, அதாவது பகலில் குளிகனுக்குரிய நேரம். காலை 6 – 7.30 என்று இருக்க வேண்டும். குளிகன் சனியின் மகன். பகலை எட்டாகப் பிரித்து, அன்றைய கிழமைக்குரிய கிரகத்திலிருந்து எண்ணிக்கொண்டே போனால் சனியின் பங்கு எதுவோ அதுதான் குளிகை. ஞாயிறன்று ஏழாவது பங்கு (3 – 4.30), பிறகு நாளுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக நகர்ந்து, சனியன்று முதல் பங்குக்கு வந்து நிற்கும். எமகண்டமும் இப்படியே வியாழனில் முதல் பங்கு, வெள்ளியில் மறுபடி ஏழாவது. ஆகவே சனிக்கு ஆறாவது, 1.30 – 3. இந்த வரிசை உடைந்திருந்தால் அச்சுப் பிழை, சந்தேகமே வேண்டாம். ராகு காலத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. 'திருவிழா சந்தையில் வெளியில் புகுந்து விளையாடச் செல்வது ஞாயமா' என்ற பழைய மனப்பாட வரிதான் கதி: இரண்டாவதாக வரும் சனிக்கு 9 – 10.30. சூலம் (அன்று பயணத்துக்கு ஆகாத திசை) கிழக்கு, போயே ஆக வேண்டுமானால் பரிகாரம் தயிர்.

கிழமை வரிசையையே ஓரை (ஒவ்வொரு மணியையும் ஒரு கிரகத்துக்குக் கொடுக்கும் கணக்கு) அட்டவணையில் சோதிக்கலாம். சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன் என்று மணிக்கு ஒன்றாகச் சுற்றினால் 25ஆவது மணி சூரியனுக்கு விழும். அதனால்தான் சனிக்கு அடுத்தது ஞாயிறு. அட்டவணைப்படி சனிக்கிழமை 10 – 11 சுக்கிர ஓரை, சுபம். ஆனால் அதில் முதல் அரை மணி ராகு காலம். இதைக் குறிப்பிட்டுக் காட்டும் காலண்டருக்குத் தாராளமாகக் கூடுதல் மதிப்பெண் தரலாம்.

பெரிய குறை ஒன்று உண்டு. இந்த நேரங்களெல்லாம் சூரிய உதயம் காலை 6 மணி என்று வைத்துப் போட்டவை. மார்கழியில் சென்னையில் உதயம் சுமார் 6.30, பகலும் குறுகி ஒரு பங்கு 85 நிமிடமாகிவிடும். அப்போது சனிக்கிழமை ராகு காலம் 9.20 வாக்கில்தான் தொடங்கும். தாளில் 9 மணிதான் இருக்கும். தேதி நள்ளிரவில் மாறுகிறது, கிழமையோ உதயத்தில்தான். சனிக்கிழமை விடியற்காலை 4 மணிக்குப் பிறந்த குழந்தைக்கு ஜாதகத்தில் வெள்ளிக்கிழமை என்றே எழுதுவார்கள். தாளை மட்டும் நம்பி எழுதினால் தப்பாகும்.

ராசிபலனை விட்டுத்தள்ளுங்கள். ராசிக்கு ஒரு சொல்லில் லாபமும் நஷ்டமும் சொல்வது இடத்தை அடைக்கத்தான்.

தகரப் பட்டை தளர்வாக இருந்தால் ஆடி மாதத்துக்குள் தாள்கள் கட்டாக உதிரும். பட்டையை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, தாளை இரு கையால் நேராகக் கீழே இழுக்க வேண்டும். மூலையைப் பிடித்து இழுத்தால் பாதித் தாள் அங்கேயே தொங்கும்.

வாங்குமுன் வாக்கியமா (பழைய சூத்திர வாக்கியங்களின்படி கணித்த பஞ்சாங்கம்) திருக்கணிதமா (கிரகங்களின் உண்மை நிலைக்கேற்பத் திருத்திக் கணித்தது) என்று கேளுங்கள். திருக்கணிதம் சனிப்பெயர்ச்சியை 2025 மார்ச் 29 என்றது. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயிலுக்கோ அது 2026இல்தான். கோயில் விசேஷத்துக்குப் போகிறவர்கள் வாக்கியக் காலண்டரையே வாங்குவது நல்லது.