எந்த சபையில் உட்காருவது? பந்தியையும் தண்ணீரையும் வைத்து ஓர் ஒப்பீடு

1529 அக்டோபரில் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில், கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த சீர்திருத்தத் தலைவர்களான மார்ட்டின் லூத்தரும் உல்ரிச் ஸ்விங்லியும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். முடிவில் எழுதிய விஷயங்கள் 15. அவற்றில் 14-ல் ஒத்துப்போனார்கள், பதினைந்தாவதில் முறிந்தது. அப்பமும் ரசமும் உண்மையாகவே கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமுமா, இல்லை அவரை நினைவுகூரும் அடையாளமா என்ற அந்த ஒரு கேள்வியில். "இது என் சரீரம்" என்று லத்தீனில் மேசைமேல் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்துக்கொண்டு லூத்தர் கடைசிவரை அசையவில்லை என்று சொல்வார்கள்.

சபைகளுக்குள் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு நான் இங்கிருந்துதான் ஆரம்பிப்பேன். ஏனென்றால் பெரும்பாலானோர் பார்ப்பது வேறு: பாட்டு நன்றாக இருக்கிறதா, பிரசங்கம் எவ்வளவு நேரம், ஆட்கள் முகம் கொடுத்துப் பேசுகிறார்களா. அதெல்லாம் வேண்டும்தான். ஆனால் போதகர் மாறினால் பிரசங்கம் மாறிவிடும், பாடகர் குழு மாறினால் பாட்டு மாறிவிடும். பந்தியில், அதாவது அப்பமும் ரசமும் பகிரும் நற்கருணையில், என்ன நடக்கிறது என்ற நம்பிக்கை அவ்வளவு சுலபமாக மாறுவதில்லை.

சரி, பந்திக்கு வருவோம். கத்தோலிக்கருக்குத் திருப்பலியில் அப்பத்தின் தோற்றம் மட்டுமே மிச்சம், உட்பொருள் முழுவதும் கிறிஸ்துவாகிவிடுகிறது. அதனால்தான் மீதமான நற்கருணையைப் பேழையில் வைத்து அதன் முன் முழங்காலிடுகிறார்கள், வெறும் ஞாயிறு வழக்கமாக இதைப் பார்த்தால் எதுவும் புரியாது. ஆர்த்தடாக்ஸ் சபைகளும் அது உண்மையான சரீரமும் இரத்தமும் என்றே நம்புகின்றன, ஆனால் எப்படி என்று விளக்குவதில் அவர்களுக்கு ஆர்வமில்லை. மறைபொருள் என்று சொல்லித் தலைவணங்கிவிடுவார்கள். லூத்தரன்களுக்கு அப்பம் அப்பமாகவே இருக்கிறது, ஆனால் அதனுள்ளும் அதனோடும் அதன்கீழும் கிறிஸ்துவின் சரீரம் இருக்கிறது. சீர்திருத்தவாதி கால்வின் வழி வந்த சீர்திருத்த சபைகளிலும் பிரஸ்பிடேரியன் சபைகளிலும், பரிசுத்த ஆவியின் மூலம் நம் ஆத்துமா உண்மையாகவே கிறிஸ்துவால் போஷிக்கப்படுகிறது என்பார்கள். பாப்திஸ்துகளும் பெந்தெகொஸ்தேகாரரும் பெரும்பாலும் ஸ்விங்லி பக்கம்: இது நினைவுகூருதல். ஆங்கிலிக்கன் சபையில் இந்த எல்லாக் கருத்துக்காரரும் ஒரே கூரையின்கீழ் முழங்காலிடுவார்கள். இரட்சணிய சேனையிலும் குவேக்கரிடமும் இந்தச் சடங்கே கிடையாது.

இதெல்லாம் இறையியல் வகுப்புக்கு, எனக்கெதற்கு என்று தோன்றலாம். கல்யாணமான பிறகு தெரியும். கத்தோலிக்கத் திருப்பலியிலும் ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டிலும் மற்ற சபையார் பொதுவாக நற்கருணை வாங்க முடியாது. பல புரோட்டஸ்டன்ட் சபைகள் ஞானஸ்நானம் பெற்ற எவரையும் அழைக்கும். கணவன் எழுந்து போகும்போது மனைவி இருக்கையிலேயே உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு நிமிடத்தை வாராவாரம் தாங்க முடியுமா என்று முன்னாலேயே பேசிவிடுவது நல்லது. இதை அவமதிப்பு என்று எடுத்துக்கொண்டு கோபப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் அப்படி நினைக்கவில்லை. அது கடவுளின் சரீரமேதான் என்று நம்புகிறவர்கள், அதே விசுவாசத்தை அறிக்கையிடாதவரிடம் அதைக் கொடுக்கத் தயங்குவதில் ஒரு நேர்மை இருக்கிறது. வெளியே நிற்பவருக்கு வலிக்கும் என்பதும் உண்மை.

அடுத்தது தண்ணீர், அதாவது ஞானஸ்நானம். என் வீட்டில் மிகவும் வலித்த இடம் இதுதான். கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், லூத்தரன், ஆங்கிலிக்கன், பிரஸ்பிடேரியன், மெதடிஸ்ட் எல்லோரும் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஆர்த்தடாக்ஸ் சபைகளில் குழந்தையை மும்முறை தண்ணீரில் முக்கி எடுத்து, தைலம் பூசி, நற்கருணையும் கொடுத்துவிடுவார்கள்; மற்றவர்கள் பிள்ளை விவரம் தெரியும்வரை நற்கருணைக்குக் காத்திருப்பதை அவர்களால் புரிந்துகொள்ள முடியாது. பாப்திஸ்து, பெந்தெகொஸ்தே, பிரதரன், மென்னோனைட் சபைகளில் தானாக வாய்திறந்து விசுவாசத்தை அறிக்கையிடுகிறவருக்கு மட்டும்தான். இந்தப் பக்கத்துக்காரர்கள் சும்மா பிடிவாதம் பிடிப்பதாக நினைத்துவிடக் கூடாது. 1525 ஜனவரியில் சூரிச்சில் கான்ராட் கிரெபல் என்பவர் ஜார்ஜ் பிளவுராக்குக்கு அப்படி ஞானஸ்நானம் கொடுத்தார். இரண்டே வருடத்தில் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் மான்ஸை லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். கொன்றது கத்தோலிக்க ரோம் இல்லை, சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்ட நகர மன்றம். ஒரு முழுக்குக்காக உயிரைக் கொடுத்தவர்களின் வாரிசுகள் அதை லேசாக விட மாட்டார்கள்.

இருபத்திரண்டு வயதில் நான் ஒரு பெந்தெகொஸ்தே ஐக்கியத்துக்குப் போக ஆரம்பித்தேன். சில மாதங்களில், குழந்தையில் எடுத்தது ஞானஸ்நானமே இல்லை, திரும்ப எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தேன். தண்ணீரிலிருந்து எழுந்தபோது இருந்த சந்தோஷம் பொய்யில்லை, இன்றைக்கும் நினைத்தால் உடம்பு சிலிர்க்கும். ஆனால் அம்மா ஒன்றும் பேசாமல் அலமாரியிலிருந்து என் பழைய ஞானஸ்நானச் சான்றிதழை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ நாங்க செஞ்சது ஒண்ணுமே இல்லையா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. நீ கேட்பதற்கு முன்பே கிருபை உன்னிடம் வந்துவிட்டது என்று ஒரு பக்கம் சொல்கிறது, நீ பதில் சொல்லாமல் அந்தக் கிருபை உன்னுடையது ஆகாது என்று மறுபக்கம் சொல்கிறது. இரண்டையும் எனக்குத் தள்ள மனம் வரவில்லை. ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: தண்ணீரால், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் பெயரால் கொடுக்கப்பட்ட ஞானஸ்நானத்தை, கொடுத்தது புரோட்டஸ்டன்ட் சபையாக இருந்தாலும், கத்தோலிக்கத் திருச்சபை ஏற்றுக்கொள்கிறது, அங்கே போனால் திரும்ப முழுக்குவதில்லை. குழந்தை ஞானஸ்நானம் பெற்றவர் பாப்திஸ்து சபை உறுப்பினராகப் போனால் பல இடங்களில் திரும்ப எடுக்கச் சொல்வார்கள்.

யார் பேச்சு கடைசி என்பது மூன்றாவது. கத்தோலிக்கருக்குப் போப்பாண்டவர் இருக்கிறார். ஆர்த்தடாக்ஸில் ஆயர்களின் சங்கங்களும் பாரம்பரியமும். புரோட்டஸ்டன்ட் சபைகளுக்கு வேதம் மட்டுமே இறுதி, ஆனால் அந்த வேதத்தை யார் விளக்குவது என்பதில் பேராயர், மூப்பர் சங்கம், உள்ளூர் சபையின் ஓட்டு என்று பிரிந்துபோவார்கள். வேதம் என்றாலும் கத்தோலிக்கருக்கு 73 நூல்கள், புரோட்டஸ்டன்டுகளுக்கு 66. வித்தியாசம் முழுக்கப் பழைய ஏற்பாட்டில்தான். இதில் நான் பார்க்கச் சொல்வது ஒன்றே ஒன்று. போதகர் தவறு செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது? மேலே யாருமே இல்லாமல், ஒரே மனிதரின் வார்த்தையே தீர்ப்பாக இருக்கும் சுயாதீன சபையில் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது. பெரிய அமைப்புகள் தங்கள் குருமாரின் குற்றங்களைப் பல வருடம் மூடி மறைத்ததும் நடந்திருக்கிறது, அதனால் அமைப்பு இருந்தால் போதும் என்று சொல்ல மாட்டேன். கேளுங்கள், கேட்டவுடன் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

விசுவாசத்தால் மட்டும் இரட்சிப்பா, கிரியையும் வேண்டுமா என்ற பழைய சண்டையை மட்டும் வைத்து சபையை முடிவு செய்யாதீர்கள். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதில் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன, 2006-ல் மெதடிஸ்ட்களும் சேர்ந்துகொண்டார்கள். எல்லாம் தீர்ந்துவிடவில்லை, ஆனால் மேடையில் கேட்கும் அளவுக்கு அது இன்று பெரிய மதில் இல்லை. விவாகரத்தானவருக்கு மறுமணம், பெண்களுக்குக் குருத்துவம் போன்றவை உங்கள் வாழ்க்கையைத் தொடும் என்றால் அவற்றை முதலிலேயே கேட்டுவிடுங்கள். கத்தோலிக்கத்தில் முந்தைய திருமணம் செல்லாதது என்ற தீர்ப்பு இல்லாமல், முதல் துணை உயிரோடு இருக்கும்போது மறுமணம் கிடையாது; ஆர்த்தடாக்ஸில் மனந்திரும்புதலின் தொனியோடு இரண்டாவது திருமணத்தை அனுமதிப்பார்கள். இங்கிலாந்துத் திருச்சபையில் பெண் குருக்கள் 1994 முதல், பெண் ஆயர்கள் 2015 முதல் இருக்கிறார்கள். ரோமிலும் ஆர்த்தடாக்ஸிலும் அந்த வாசல் மூடியே இருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு எனக்கு உண்மையில் முக்கியமாகப்படும் கேள்விக்கு வருகிறேன். என் விசுவாசம் தளர்ந்துபோகும் நாளில் இந்த சபை என்னை என்ன செய்யும்?

பெந்தெகொஸ்தே இயக்கம் பரவத் தொடங்கிய இடம் என்று சொல்லப்படும், லாஸ் ஏஞ்சலஸின் அசூசா தெருவில் 1906-ல், முன்னாள் அடிமைகளின் மகனான வில்லியம் சீமோர் நடத்திய கூட்டத்தில் கறுப்பரும் வெள்ளையரும் அந்தக் காலத்திலேயே ஒன்றாக முழங்காலிட்டு அந்நிய பாஷையில், அதாவது பரிசுத்த ஆவி தருவதாக நம்பும் கற்றறியாத பேச்சில், ஜெபித்தார்கள். அந்தத் தீயைக் கேலி செய்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. படிப்பும் பதவியும் இல்லாத ஒருவரை எழுந்து நின்று சாட்சி சொல்ல வைத்த சபை அது. அப்பா படுக்கையில் கிடந்த ஆறு வாரமும் என் ஐக்கியத்து ஆட்கள்தான் மாறிமாறி ராத்திரி விழித்து உட்கார்ந்தார்கள், கைவைத்து ஜெபித்தார்கள். ஆனால் எனக்குள் எல்லாம் காய்ந்துபோயிருந்தது. வாயைத் திறந்தால் ஒரு வார்த்தை வரவில்லை. அனுபவமே நடுவில் இருக்கும் ஒரு சபையில், அனுபவம் வற்றிப்போனவனுக்கு நிற்க இடம் இல்லாததுபோல் இருந்தது. விசுவாசக் குறைவு என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார், அன்பாகத்தான் சொன்னார்.

அப்பா போன பிறகு ஒரு காலையில் பக்கத்தில் இருந்த ஆங்கிலிக்கன் ஆலயத்துக்குள் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். எல்லோரும் ஜெபப் புத்தகத்தைப் பார்த்து, "கர்த்தாவே, எங்களுக்கு இரங்கும்" என்று சொன்னார்கள், நானும் சொன்னேன். எனக்கு எந்த உணர்ச்சியும் வர வேண்டியதில்லை, யாரோ எனக்காக எப்போதோ எழுதிவைத்த வார்த்தைகள் என்னைத் தூக்கிக்கொண்டு போயின. விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது பாதியில் என் குரல் நின்றது, சுற்றியிருந்தவர்களின் குரல் நிற்கவில்லை.

இதற்கு நேர்மாறானதும் நடக்கிறது. என் தோழி ஒருத்தி முப்பது வருடம் அதே மாதிரி புத்தக ஆராதனையில் வளர்ந்தவள். வாசலில் கைகொடுப்பார்களே தவிர அவள் பெயர் ஒருவருக்கும் தெரியாது. கருச்சிதைவுக்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டு ஒரு பெந்தெகொஸ்தே வீட்டு ஜெபத்துக்குப் போனாள், அங்கே ஒரு பாட்டி அவள் பெயரைச் சொல்லி அழுது ஜெபித்தாள். அவள் அங்கேயே இருந்துவிட்டாள். அவளை நான் ஒருநாளும் திரும்பி வா என்று கூப்பிட்டதில்லை, அவளும் என்னைக் கூப்பிட்டதில்லை.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களும் உண்டு. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738 மே 24 அன்று லண்டனில் ஒரு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தபோது இதயம் அனல்கொண்டதாகத் தன் நாட்குறிப்பில் எழுதினார். ஆனாலும் 1791-ல் சாகும்வரை ஆங்கிலிக்கன் குருவாகவே இருந்தார். எழுதிவைத்த ஜெபமும் வேண்டும், வாரம் ஒருமுறை பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து "உன் ஆத்துமா எப்படி இருக்கிறது" என்று கேட்பதும் வேண்டும் என்று ஏங்குபவர்களுக்கு, அந்த வழக்கத்தை இன்னும் விடாத ஒரு மெதடிஸ்ட் சபை பக்கத்தில் இருந்தால், அதைவிட நல்ல இடத்தை என்னால் காட்ட முடியாது.

தேடுகிறவர்கள் பண்டிகை நாளில் போய்ப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அன்றைக்கு எல்லா சபையும் அழகாகத்தான் இருக்கும். சாதாரண ஞாயிறுகள் ஏழெட்டுப் போங்கள், முடிந்தால் ஓர் அடக்க ஆராதனைக்கும் போங்கள். செத்தவரைப் பற்றி அங்கே என்ன பேசுகிறார்கள், மிச்சமிருப்பவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதில் அந்த சபையின் முழு விசுவாசமும் வெளியே வந்துவிடும்.

அந்த ஆங்கிலிக்கன் ஆலயத்தில் உறுப்பினராகச் சேரும் முன் குருவானவரிடம் என் இரண்டு முழுக்கு விஷயத்தையும் சொன்னேன். எதைச் செல்லாது என்று நான் அறிக்கையிட வேண்டும் என்றும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஞானஸ்நானம் ஒன்றுதான், அது உங்கள் அம்மா உங்களைத் தூக்கிக்கொண்டு வந்த அன்றைக்கே நடந்துவிட்டது. இருபத்திரண்டு வயதில் நீங்கள் அதற்கு ஆமென் சொன்னீர்கள், அதை ஏன் வாபஸ் வாங்க வேண்டும்?" என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அந்தப் பழைய சான்றிதழைக் கேட்டேன், உறுப்பினர் பதிவேட்டுக்கு வேண்டும் என்று. எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள்.