கெல்ப் சாறு என்று விற்கும் 20 லிட்டர் கேன்: டனல் விவசாயிகள் கவனம்

தென்னாப்பிரிக்காவில் வெருலம், டொங்காட் பக்கம் டனலில் (பிளாஸ்டிக் கூடாரத்தில்) ஸ்ட்ராபெரி போட்டிருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். ஒரு ஏஜெண்ட் பண்ணை பண்ணையாக ஏறி இறங்கி, பயோஸ்டிமுலன்ட் (பயிர் வளர்ச்சியைத் தூண்டும் மருந்து) என்று 20 லிட்டர் கேன் விற்கிறார். "கேப் கடல் கெல்ப் பாசிச் சாறு அண்ணா, காய்ப்பு இரண்டு மடங்கு, இனிப்பும் ஏறும்" என்பார். விலை 1,900 ரேண்ட், ரொக்கம். பில் கேட்டால் வாட்ஸப்பில் வரும் என்பார். வராது.

கெல்ப் சாறு என்பதே ஏமாற்று என்று சொல்லவில்லை. கேப் கரையோர எக்லோனியா மாக்சிமா பாசியில் எடுக்கும் நல்ல சரக்கு நம் நாட்டிலேயே பல வருடமாகக் கிடைக்கிறது. வேர் ஓட உதவும். உரத்துக்கு மாற்று என்று மட்டும் யாரும் நம்ப வேண்டாம்.

எங்கள் டனலில் இந்தக் கேனை ஊற்றியதும் இலை கரும்பச்சையாகத் தழைத்தது. ஏஜெண்ட் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார் (இந்நேரம் அது அவர் விளம்பரத்தில் இருக்கும்). அப்புறம் பூ குறைந்தது. வந்த பழமும் பெருசாக இருந்ததே தவிர விரல் பட்டால் அமுங்கியது, சப்பென்ற ருசி. இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மீட்டரில் 5. நல்ல பழம் 8-க்குக் குறையாது. இலை அடர்த்தியில் காற்று புகாமல் சாம்பல் பூசணம் வேறு பிடித்து, பாதிப் பழம் குப்பைக்குப் போனது.

கேனில் இருந்ததை ஆய்வகத்தில் (லேப்) கொடுத்துப் பார்த்தோம். தழைச்சத்து உரமான யூரியாவும் பழுப்புச் சாயமும்! தொட்டித் தண்ணீரை ஈசி மீட்டரில் (கரைந்த உப்பை மின்கடத்தலை வைத்துக் காட்டும் கருவி) அளந்துகொண்டுதான் இருந்தோம், முள் அசையவில்லை. யூரியா கரைந்தாலும் உப்பு மாதிரி அயனியாகப் பிரியாது, அதனால் மீட்டருக்குத் தெரியாது. விற்றவனுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

உரம், பயோஸ்டிமுலன்ட் எதுவானாலும் நம் நாட்டின் உரச் சட்டமான 1947ஆம் ஆண்டின் 36ஆம் சட்டப்படி லேபிளில் பதிவு எண் இருக்க வேண்டும். இந்தக் கேனில் ஒரு இலைப் படமும் "100% இயற்கை"யும்தான். எண் இருந்தாலும் பிரிட்டோரியாவில் உள்ள பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "உங்க தண்ணி சரியில்ல அண்ணா" என்றார். லேப் அறிக்கையை அனுப்பியதும் நம்பரை பிளாக் செய்துவிட்டார். இப்போது வேறு லேபிள் ஒட்டி டொங்காட்டில் விற்பதாகக் கேள்வி. வெள்ளைக் கேன், பச்சை மூடி. திறந்தால் கடல் வாசமே இருக்காது. உங்களிடம் வந்திருந்தால் கீழே எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.