கோல்டன் சாஃப்ட் ஜெல் (மேட்): வங்கி வேலையை விட்டு கொலாஜுக்கு வந்தவளின் விமர்சனம்

வேலையை விட்டுவிட்டு மிக்ஸட் மீடியா (காகிதம், துணி, பெயின்ட் எல்லாம் கலந்து செய்யும் கலை) பக்கம் வருகிறவர்கள் கடைக்குப் போனால் மிரண்டுதான் போவார்கள். ஜெஸ்ஸோ, மாடலிங் பேஸ்ட், ஸ்டென்சில், இன்க் என்று அலமாரி நிறைய அடுக்கியிருப்பார்கள், எல்லாவற்றையும் அள்ளினால் பி.எஃப். பணம் கரைந்துவிடும். கடன் பிரிவில் காலம் தள்ளிவிட்டு விருப்ப ஓய்வில் வந்த எனக்குக் கை கொஞ்சம் இறுக்கம்தான். அப்படியும் சொல்கிறேன், ஒட்டுகிற ஜெல்லில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், நான் வாங்கியது கோல்டன் கம்பெனியின் சாஃப்ட் ஜெல். மற்ற சாமான்கள் பாதி உங்கள் வீட்டுப் பரணிலேயே கிடக்கும்.

ஃபெவிகால் போதாதா என்று கேட்பீர்கள். காகிதத்தோடு காகிதம் ஒட்ட தாராளமாகப் போதும். ஆனால் இந்த ஜெல் வெறும் பசை இல்லை, நிறம் சேர்க்காத அக்ரிலிக் பெயின்ட் என்றே வைத்துக்கொள்ளலாம். கலரில் கலக்கலாம், நூல், மணல், துணி எதையும் பதிக்கலாம், நன்றாகக் காய்ந்தபின் தண்ணீர் பட்டாலும் கரையாது என்பதால் அதன் மேலேயே அடுத்த அடுக்கைத் தைரியமாகப் போடலாம்.

எனக்கு இது பிடித்துப்போனதே, காகிதத்தில் அச்சான படத்தையோ எழுத்தையோ கேன்வாஸுக்கு மாற்றுகிற வேலையில்தான். அப்பாவின் பழைய மளிகைக் கணக்கு நோட்டை ஜெராக்ஸ் எடுத்து (அசல் தாளைத் தொடாதீர்கள், பேனா மை தண்ணீரில் ஓடிவிடும்), கேன்வாஸில் ஜெல்லைத் தடவி, அச்சுப் பக்கம் கீழே வருகிற மாதிரி கவிழ்த்து ஒட்டி, இரவு முழுக்கக் காய விட்டேன். காலையில் தண்ணீர் தெளித்து விரலால் தேய்த்தால் காகிதம் திரித்திரியாகச் சுருண்டு வந்துவிடும், 'து.பருப்பு 2 கிலோ' மட்டும் கறுப்பாக அங்கேயே நிற்கும். உலர்ந்ததும் வெள்ளையாகப் பூத்த மாதிரி தெரிந்தால் பயப்பட வேண்டாம், மிச்சம் ஒட்டியிருக்கும் காகித நார்தான் அது, மெல்லிசாக இன்னொரு பூச்சு ஜெல் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி விழும், அதனால் ஜெராக்ஸ் கடையிலேயே மிரர் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். இன்க்ஜெட் பிரின்ட் இதற்கு வேண்டாம், மை கலைந்துவிடும்.

குறை? முதலாவது விலை, இறக்குமதிச் சரக்கு. அப்புறம் மேட் (பளபளப்பில்லாத) வகை என்பதால் கனமாகப் பூசினால் கருநிறங்கள் சாம்பல் பூத்ததுபோல் மங்கும், ஆழமான கறுப்பு வேண்டுமானால் கிளாஸ் (gloss, பளபளப்பான) வகைக்குப் போங்கள். சென்னைப் புழுக்கத்தில், காய்ந்த அக்ரிலிக் எந்த கம்பெனியுடையதாக இருந்தாலும் லேசாகப் பிசுபிசுக்கும். ஆர்ட் ஜர்னல் (ஒட்டியும் வரைந்தும் நிரப்பும் நோட்டு) பக்கங்களுக்கு நடுவே சிலிகான் பூச்சுள்ள பேக்கிங் பேப்பர் வைக்காமல் மூடினால் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும்.

ஒரு உபரித் தகவல். கோல்டன் கம்பெனியை 1980இல் தொடங்கிய சாம் கோல்டன், அதற்கு முன்பே பெயின்ட் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபதைத் தாண்டிய பிறகு, நியூயார்க் மாநிலத்தில் நியூ பெர்லின் என்ற ஊரில், ஒரு பழைய பண்ணைக் கொட்டகையில் ஆரம்பித்திருக்கிறார். 'இந்த வயசுல எதுக்கு?' என்று கேட்கும் மைத்துனர்களுக்கு இதைச் சொல்லலாம்.

முதலில் 237 மில்லி டப்பா வாங்குங்கள், சின்ன வேலைகளுக்கு நிறைய நாள் வரும். பிரஷ்ஷை உடனே கழுவிவிடுங்கள், டப்பா விளிம்பையும் துடைத்துவிட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த தடவை திறக்க ஆள் தேட வேண்டியிருக்கும்.