கெய்ரோவின் அரச மம்மிகள் கூடம்: துணிக்கட்டைப் பிரிக்காமல் உடலைப் படிக்கும் அறிவியல்

கெய்ரோவின் பழைய பகுதியான ஃபுஸ்தாத்தில் இருக்கும் எகிப்திய நாகரிகத் தேசிய அருங்காட்சியகத்துக்குச் செல்பவர்கள், அங்குள்ள அரச மம்மிகள் கூடத்தை வேடிக்கைக் காட்சியாக எண்ணிப் போக வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். தஹ்ரீர் சதுக்கத்தின் பழைய அருங்காட்சியகத்தில் இருந்த 18 அரசர்கள், 4 அரசியர் ஆகியோரின் உடல்கள், நைட்ரஜன் நிரப்பிய பேழைகளில் வைக்கப்பட்டு, 2021 ஏப்ரல் 3 அன்று ஊர்வலமாக இங்கே கொண்டுவரப்பட்டன. அந்த மாதத்திலேயே கூடமும் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. எகிப்திய அரசர்களைப் புதைத்த அரசர்களின் பள்ளத்தாக்கில் உள்ள கல்லறைக்குள் இறங்குவது போன்ற இருண்ட பாதை வழியாக உள்ளே போகிறோம். உள்ளே படம் எடுக்கத் தடை உண்டு. அந்தத் தடையை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். இறந்தவருக்கு உரிய மரியாதை அது என்பது ஒருபுறம் இருக்க, கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டவர்கள்தான் நின்று நிதானமாகப் பார்க்கிறார்கள்.

நிதானமாகப் பார்க்க வேண்டிய முதல் உடல் செக்கெனென்ரே தாவோவுடையது. 17ஆம் வம்சத்தைச் சேர்ந்த இவர், வடக்கே ஆட்சி செலுத்திய ஹிக்சோஸ் மன்னர்களை எதிர்த்தவர். நெற்றியில் பிளந்த வெட்டு, கண்ணருகே காயம், விரைத்துச் சுருண்ட கைவிரல்கள் ஆகியவை கண்ணுக்கு நேராகவே தெரிகின்றன. கதிரியக்கவியல் பேராசிரியர் சஹர் சலீமும் தொல்லியலாளர் ஸாஹி ஹவாஸும் இந்த உடலைச் சி.டி. ஸ்கேன் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வு, கண்ணுக்குத் தெரியாத காயங்களையும் வெளிக்கொண்டுவந்தது. பதப்படுத்தியவர்கள் அவற்றின் மேல் ஒருவகைப் பூச்சை அப்பி மறைத்திருந்தார்கள். ஒன்றுக்கு மேற்பட்டோர் வெவ்வேறு ஆயுதங்களால் தாக்கியிருக்கிறார்கள் என்பதும், இறக்கும்போது அவருக்கு ஏறத்தாழ 40 வயது என்பதும் அந்த ஆய்வின் முடிவுகள். அவசர அவசரமாகப் பதப்படுத்தப்பட்ட உடல் என்று முன்பு கருதப்பட்ட ஒன்றில், அரசரின் முகத்தைச் சீராக்க யாரோ இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள் என்பது என்னை மிகவும் நெகிழச் செய்தது.

இந்த ஸ்கேன் செயல்படும் விதத்தை அறிந்துகொண்டு போனால் கூடம் பல மடங்கு பொருள் தரும். உடலைச் சுற்றிப் பல கோணங்களில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அவை எங்கே எவ்வளவு தடுக்கப்படுகின்றன என்பதைக் கொண்டு மெல்லிய குறுக்குவெட்டுப் படங்களைக் கணினி உருவாக்குகிறது. எலும்பு, உலர்ந்த தசை, பிசின், தங்கம் ஆகியவற்றின் அடர்த்தி வெவ்வேறானது என்பதால், துணிக்கட்டைப் பிரிக்காமலேயே ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்துவிட முடிகிறது. 19ஆம் நூற்றாண்டில் கட்டைப் பிரித்துத்தான் பார்த்தார்கள். அப்போது ஏற்பட்ட சேதத்தை இனி யாராலும் ஈடுசெய்ய முடியாது. முதலாம் அமென்ஹோதெப்பின் உடல் மட்டும், அதன் முகமூடியும் மலர் மாலைகளும் அழகு குலையாமல் இருந்ததால், நவீன காலத்தில் யாராலும் பிரிக்கப்படாமல் தப்பியது. அதே இரு ஆய்வாளர்கள் 2021 இறுதியில் அதைக் கணினித் திரையில் அடுக்கடுக்காகப் பிரித்தபோது, சுமார் 35 வயதில் இறந்த அந்த அரசரின் தேயாத பற்களும், 30 தாயத்துகளும், தங்க மணிகள் கோத்த இடுப்பணியும் தெரிந்தன.

மூன்றாம் ராம்செஸின் கழுத்துக்கட்டு எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. அவரைக் கொல்ல அந்தப்புரத்தில் சதி நடந்ததாகப் பாப்பிரஸ் (கோரைத் தாள்) ஆவணம் சொல்கிறது. சதி பலித்ததா என்பதே நெடுங்காலக் கேள்வி. தடித்த துணிக்கட்டுக்கு அடியில் எலும்பு வரை இறங்கிய வெட்டு இருப்பதையும், அந்தக் காயத்துக்குள் ஹோரஸ் என்ற கடவுளின் கண் வடிவத் தாயத்து வைக்கப்பட்டிருப்பதையும் 2012இல் வெளியான ஸ்கேன் ஆய்வு காட்டியது. இரண்டாம் ராம்செஸின் மூக்கினுள் மிளகு இருந்தது இன்னொரு வியப்பு. 3,200 ஆண்டுகளுக்கு முன்பே தென்னிந்திய மலைகளின் விளைபொருள் நைல் கரை வரை சென்றிருக்கிறது.

எல்லா முடிவுகளையும் ஒரே அளவு உறுதியோடு ஏற்க வேண்டியதில்லை. ஒரு மரப்பெட்டியில் கிடைத்த பல்லைக் கொண்டு, எகிப்தை ஆண்ட பெண்ணரசர் ஹட்ஷெப்சுட் என 2007இல் அறிவிக்கப்பட்ட உடலைப் பற்றி, ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. மரபணு ஆய்விலும் எச்சரிக்கை தேவை. எகிப்தின் வெப்பம் மரபணுவைச் சிதைக்கிறது, பிற்காலத்தவர் கைபட்ட கலப்பும் சேர்ந்துகொள்கிறது.

வெளியே எனக்கு அமைந்த வழிகாட்டி ஒருவர், ஆய்வுகளைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் மம்மியின் சாபக் கதைகளையே சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே வழிகாட்டியை நம்பிப் போவதைவிட, செக்கெனென்ரே, முதலாம் அமென்ஹோதெப், மூன்றாம் ராம்செஸ் ஆகிய மூவரைப் பற்றியாவது முன்கூட்டியே படித்துவிட்டுப் போவது நல்லது. காயங்களைக் கண்டு அஞ்சும் சிறு குழந்தைகளை அழைத்துச் செல்லும் முன் யோசியுங்கள். துட்டன்காமூனின் உடலைப் பார்க்க விரும்புபவர்கள் இங்கே தேட வேண்டாம். அது லக்சருக்கு அருகே, அரசர்களின் பள்ளத்தாக்கில் அவரது கல்லறையிலேயே இருக்கிறது.